குரங்குக்குப் பின்னால் வரும் துறவி

திருச்சி மன்னார்புரத்திலிருந்து விமான நிலையம் கிட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே ஏறி உட்கார்ந்தால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலே, சிங்கப்பூரில் இறங்கிவிடலாம். திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்தில் சிங்கப்பூருக்கு ஆள் போகாத ஊர் குறைவு. போனவர்கள் திரும்பி வரும்போது பெட்டியில் தைலப் புட்டி இல்லாமல் வருவதில்லை. ஒன்று கோடாலித் தைலம். மற்றொன்று புலிப் படம் போட்ட தைலம்.

அந்தப் புலித் தைலத்தை விற்றுப் பெரும் பணக்காரர்கள் ஆனவர்கள் ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் என்ற சீனச் சகோதரர்கள். அண்ணன் தம்பிக்காக 1937-ம் ஆண்டு சிங்கப்பூரில் ஒரு மாளிகை கட்டினார். அதைச் சுற்றித் தோட்டம் போட்டார். தோட்டம் முழுவதும் சிலைகள் வைத்தார். ஆயிரத்துக்கும் மேல்! எல்லாம் சிமெண்டுச் சிலைகள். கண்ணைப் பறிக்கும் வர்ணங்கள். ஹா பார் வில்லா என்று அதற்குப் பெயர். அங்கே சீனர்களின் பத்து நரகங்களும் இருக்கின்றன. பொய் சொன்னவனுக்கு என்ன தண்டனை, கடன் வாங்கி ஏமாற்றியவனுக்கு என்ன தண்டனை என்று அப்பட்டமாகக் காட்டியிருக்கிறார்கள். குழந்தைகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்ளும் இடம் அது.

நரகத்தைத் தாண்டி வந்தால் வேறொரு கூட்டம். ஒரு குரங்கு. தலையில் பொன் வளையம், கையில் தடி. ஒரு பன்றி முகத்தான். பெரிய தொந்தி; குப்பை வாரும் கருவி போல ஒன்பது பல் வைத்த ஆயுதம். மூன்றாமவன் கழுத்தில் மண்டையோட்டு மாலை. இவர்களோடு, சாந்தமான முகத்துடன் மொட்டைத் தலைத் துறவி ஒருவர். வெள்ளைக் குதிரையில் வருகிறவர் அவர். சீனர் வாழும் ஊர்களில் எல்லாம், கோவில் சுவரிலும் கடைப் பொம்மையிலும் இந்த நால்வரைக் காணலாம்.

நம் ஊர்க்காரர்கள் குரங்கைப் பார்த்ததும் அனுமார் என்பார்கள். குரங்கின் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். துறவியை யாரும் கவனிப்பதில்லை.

குரங்கு கதையில் வருவது. பன்றி கதையில் வருவது. துறவியோ உண்மையாக வாழ்ந்த மனிதர். நம் காஞ்சிபுரத்துக்கு வந்து போனவர். அவர்தான் யுவான் சுவாங்.

கதை என்ன சொல்கிறது?

சீனாவில் 16-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நூறு அத்தியாய நாவல் ஒன்று உண்டு. மேற்கு நோக்கிய பயணம் என்று பெயர். அதில் குரங்கு ஒரு கல்லிலிருந்து பிறக்கிறது. தேவலோகத்தையே கலக்குகிறது. புத்தர் அதைப் பிடித்து ஒரு மலைக்கு அடியில் ஐந்நூறு வருஷம் அடைத்து வைக்கிறார். இந்தியாவுக்குப் புனித நூல் தேடிப் போகும் துறவி வழியில் அதை விடுவித்துச் சீடனாக்கிக்கொள்கிறார். அது அடங்காவிட்டால் மந்திரம் சொல்வார். தலையில் உள்ள வளையம் இறுகும்! பன்றி முகத்தான் தேவலோகத்துப் படைத் தலைவனாக இருந்து சாபம் பெற்றவன். மண்டையோட்டு மாலைக்காரன் மணல் ஆற்றில் இருந்த அரக்கன். குதிரை, கடல் நாகராஜனின் மகன்.

கதையில் வரும் துறவி சீனச் சக்கரவர்த்தியின் தம்பி முறை கொண்டாடியவர். சக்கரவர்த்தியே ஊர் எல்லை வரை வந்து வழியனுப்புகிறார். துறவி பயந்த சுபாவக்காரர். அரக்கன் வந்தால் அழுவார். குரங்குதான் காப்பாற்ற வேண்டும்.

நடந்ததோ நேர் மாறு.

தடையை மீறிய பிட்சு

யுவான் சுவாங் கி.பி. 602-ஐ ஒட்டி, சீனாவின் லோயாங் நகருக்கு அருகே பிறந்தார். நாலாவது பிள்ளை. சிறு வயதிலேயே தந்தை இறந்தார். அண்ணன் ஒருவர் புத்த பிட்சு. அவரைப் பார்த்துத் தம்பியும் 13 வயதில் மடத்தில் சேர்ந்தார்.

படிப்பில் சூரர். ஆனால் படிக்கப் படிக்கச் சந்தேகம் வளர்ந்தது. சீன மொழியில் இருந்த புத்த நூல்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. பெரியவர்களைக் கேட்டார். ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். மூல நூல்கள் இந்தியாவில் இருக்கின்றன. போய்ப் பார்த்துவிடுவதே சரி என்று தீர்மானித்தார்.

அப்போது யாரும் எல்லை தாண்டக் கூடாது என்று சக்கரவர்த்தி தாய்சோங் தடை போட்டிருந்தார். யுவான் சுவாங் அனுமதி கேட்டு மனுப் போட்டார். மறுத்துவிட்டார்கள். கூட வருவதாகச் சொன்ன பிட்சுக்கள் பின்வாங்கினார்கள். அவர் விடவில்லை. 629-ம் ஆண்டு, இருபத்தேழு வயதில், ஒளிந்து ஒளிந்து மேற்கே கிளம்பினார். பகலில் பதுங்குவார். இரவில் நடப்பார். அவரைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

கிழட்டுக் குதிரை

எல்லைக்கு அருகே அந்நிய நாட்டுக் கிழவர் ஒருவர் வந்தார். அவரிடம் ஒரு குதிரை இருந்தது. சிவப்பு நிறம். எலும்பும் தோலுமான கிழட்டுக் குதிரை. பதினைந்து தடவை பாலைவனத்தைத் தாண்டியது என்றார் கிழவர். யுவான் சுவாங்கின் நல்ல குதிரையைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

யாராவது சம்மதிப்பார்களா? யுவான் சுவாங் சம்மதித்தார். புறப்படுமுன் தலைநகரில் ஒரு குறிகாரர், மெலிந்த சிவப்புக் குதிரையில் அவர் போவார் என்று சொல்லியிருந்தாராம்.

வழிகாட்டியாக ஓர் ஆள் வந்தான். முதல் இரவே கத்தியை உருவிக்கொண்டு அவர் படுத்திருந்த இடத்துக்கு வந்தான். அவர் எழுந்து உட்கார்ந்து ஜபம் செய்தார். அவன் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டான். விடிந்ததும் பயமாக இருக்கிறது என்று சொல்லி ஊருக்கே போய்விட்டான்.

அதன் பிறகு துணை அந்தக் குதிரை ஒன்றுதான்.

வழியில் காவல் கோபுரங்கள் இருந்தன. முதல் கோபுரத்தின் கீழே தண்ணீர் எடுக்கப் போனபோது அம்பு ஒன்று முழங்காலை உரசுவது போலப் பாய்ந்தது. தாம் யார் என்று கத்திச் சொன்னார். அங்கிருந்த அதிகாரி நல்லவர். சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து வழியும் சொல்லி அனுப்பினார்.

அடுத்தது கோபிப் பாலைவனம். பறவை இல்லை. புல் இல்லை. செத்த பிராணிகளின் எலும்புதான் வழி அடையாளம். குடிக்க எடுத்த தண்ணீர்ப் பை கை நழுவியது. அத்தனை தண்ணீரும் மணலில் போயிற்று! திரும்பிவிடலாம் என்று கிழக்கே கொஞ்ச தூரம் வந்தார். பிறகு நின்றார். கிழக்கே போய் உயிர் வாழ்வதைவிட மேற்கே போய்ச் சாவது மேல் என்று தோன்றியது. குதிரையை மறுபடியும் மேற்கே திருப்பினார்.

நான்கு இரவு, ஐந்து பகல். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஐந்தாம் நாள் இரவு மணலில் விழுந்து கிடந்தார். கனவு வந்தது. ஈட்டி ஏந்திய ராட்சதன் ஒருவன், எழுந்து நடக்காமல் ஏன் படுத்திருக்கிறாய் என்று அதட்டினான். திடுக்கிட்டு எழுந்து புறப்பட்டார். சிறிது தூரம் போனதும் குதிரை திடீரென்று வேறு பக்கம் திரும்பியது. இழுத்தும் கேட்கவில்லை. ஓட்டமாக ஓடி ஓரிடத்தில் நின்றது. அங்கே பச்சைப் புல்! பக்கத்தில் குளம்!

கனவில் வந்த ராட்சதன்தான் பிற்காலக் கதையில் மண்டையோட்டு மாலைக்காரன் ஆனான் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். கிழட்டுச் சிவப்புக் குதிரை வெள்ளைக் குதிரை ஆயிற்று. குரங்கு எங்கிருந்து வந்தது? அனுமார் கதை கடல் கடந்து போய் இப்படி ஆயிற்று என்பார் சிலர். அது சீனத்துக் குரங்கே என்பார் வேறு சிலர். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. சீனத் துறைமுகமான சுவான்சோ நகரில் 13-ம் நூற்றாண்டுக் கல் கோபுரம் ஒன்றில் வாள் ஏந்திய குரங்கு வீரன் செதுக்கப்பட்டிருக்கிறான். அதே ஊரில் தமிழ் வணிகர்கள் அதே நூற்றாண்டில் சிவன் கோவில் கட்டினார்கள். 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது.

வழியெல்லாம் சிலைகள்

பாலைவனம் கடந்ததும் துர்பான் நாட்டு அரசர் அவரை உபசரித்தார். உபசாரம் அளவு மீறியது. ஊரை விட்டே போகக் கூடாது, இங்கேயே குருவாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். யுவான் சுவாங் மூன்று நாள் பட்டினி கிடந்தார். அரசர் பயந்துபோய் விட்டுக்கொடுத்தார். வழியில் உள்ள இருபத்துநான்கு நாடுகளுக்குக் கடிதமும், குதிரையும், ஆளும், பொன்னும் கொடுத்தார். திரும்பி வரும்போது மூன்று வருஷம் தங்க வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

பனிமலையில் கூட்டத்தில் பலர் விறைத்துச் செத்தார்கள். ஆப்கானிஸ்தானத்தில் பாமியான் மலையில் குடைந்த பெரிய புத்தர் சிலைகளைப் பார்த்தார். அவை பொன் போல மின்னின என்று எழுதி வைத்தார். அந்தச் சிலைகள் 2001-ம் ஆண்டு வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. இன்று மலையில் வெறும் மாடம்தான் இருக்கிறது.

எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள சிலையைப் பார்ப்பார். சிலைக்குப் பின்னால் என்ன கதை என்று கேட்பார். கேட்டதைக் குறித்துக்கொள்வார்.

கௌசாம்பியில் ஒரு சந்தனக் கட்டைப் புத்தர் சிலை இருந்தது. அதன் கதை இது. புத்தர் ஒரு சமயம் தம் தாயாருக்கு உபதேசம் செய்யத் தேவலோகம் போய்விட்டார். உதயண மன்னருக்குப் பிரிவு தாங்கவில்லை. புத்தரின் சீடர் ஒருவர் தம் சக்தியால் சிற்பியை மேலே அனுப்பினார். சிற்பி புத்தரை நேரில் பார்த்து வந்து சந்தனத்தில் சிலை செய்தான். புத்தர் பூமிக்குத் திரும்பியபோது அந்தச் சிலை எழுந்து போய் வரவேற்றதாம்! புத்தருக்கு உண்டான முதல் சிலை அதுதான் என்று ஊரார் நம்பினார்கள். அதைப் போல ஒரு சிலை யுவான் சுவாங்கின் மூட்டையில் பிற்பாடு சீனா போயிற்று.

புத்தகயையில், போதி மரத்தின் அருகே இரண்டு அவலோகிதர் சிலைகள். அவை பூமிக்குள் அமிழ்ந்து மறையும்போது புத்த தர்மமும் மறையும் என்பது பழைய பேச்சு. யுவான் சுவாங் பார்த்த அன்று, தெற்கே இருந்த சிலை மார்பு வரை மண்ணுக்குள் போயிருந்தது. போதி மரத்தடியில் விழுந்து வணங்கி, புத்தர் வாழ்ந்த காலத்தில் பிறக்கவில்லையே என்று அவர் கண்ணீர் விட்டார்.

நாலந்தாவில் காஞ்சியின் பெயர்

தேடி வந்தது கிடைத்த இடம் நாலந்தா சர்வகலாசாலை. தலைவர் சீலபத்திரர், நூறு வயது தாண்டிய கிழவர். யுவான் சுவாங் அவர் காலடியில் உட்கார்ந்து சுமார் ஐந்து வருஷம் படித்தார்.

சீலபத்திரருக்குக் குரு யார்? தருமபாலர். எந்த ஊர்? காஞ்சிபுரம்! நாலந்தாவின் தலைமைப் பீடத்தில் இருந்த தமிழ்நாட்டுக்காரர் அவர். ஆகவே யுவான் சுவாங்குக்குத் தாத்தா முறை குரு, காஞ்சிக்காரர். தெற்கே போக வேண்டும் என்ற ஆசைக்கு அதுவும் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம். இன்னொரு காரணம் வெளிப்படை. இலங்கைக்குப் போய் அங்குள்ள பிட்சுக்களிடம் படிக்க வேண்டும் என்பது.

புறப்பட்ட வழியில், ஓரிடத்தில், சந்தனத்தாலான அவலோகிதர் சிலை இருந்தது. சுற்றிலும் வேலி. பக்தர்கள் வேலிக்கு வெளியே நின்று மாலையை வீசுவார்கள். நினைத்தபடி சிலை மேல் விழுந்தால் காரியம் பலிக்கும்.

யுவான் சுவாங் மூன்று மாலை வாங்கினார். சொந்த ஊருக்குச் சுகமாகத் திரும்புவேன் என்றால் சிலையின் கையில் விழட்டும் என்று முதல் மாலையை வீசினார். விழுந்தது. மறுபிறவியில் மைத்திரேயரின் லோகத்தில் பிறப்பேன் என்றால் தோளில் விழட்டும் என்று இரண்டாவதை வீசினார். விழுந்தது. மூன்றாவதுதான் அவர் மனத்தைக் குடைந்த கேள்வி. சில ஜீவன்களுக்குப் புத்த நிலை அடையும் தன்மையே கிடையாது என்று ஒரு நூல் சொல்லியிருந்தது. தாம் அப்படிப்பட்ட பிறவியோ? இல்லை என்றால் கழுத்தில் விழட்டும் என்று மாலையை எறிந்தார். அது நேராகக் கழுத்தில் போய் விழுந்தது. ஆயிரக்கணக்கான மைல் நடந்து வந்த பெரும் படிப்பாளி, குழந்தை போலச் சந்தோஷப்பட்டார்.

காஞ்சியில்

கலிங்கம், ஆந்திரம் வழியாக நடந்து, 640-ஐ ஒட்டிக் காஞ்சிபுரம் சேர்ந்தார். மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன் பல்லவ நாட்டை ஆண்ட காலம். நூறு புத்த மடங்கள் இருந்ததாகவும், பதினாயிரம் பிட்சுக்கள் இருந்ததாகவும் எழுதினார். தேவர் கோவில்கள் எண்பது என்று கணக்குச் சொன்னார். தமிழ்நாட்டு மக்கள் தைரியசாலிகள், நம்பத் தக்கவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்று நல்ல சான்றிதழும் கொடுத்தார்.

தருமபாலரின் கதையை அங்கே கேட்டார். அவர் மந்திரியின் மூத்த மகன். அரசன் தன் பெண்ணை அவருக்குக் கொடுக்க நிச்சயித்தான். ஊரே கல்யாணக் களையில் இருந்தது. மாப்பிள்ளை மட்டும் துக்கமாக இருந்தார். அவர் மனம் துறவில் இருந்தது. கல்யாண இரவில் புத்தர் சிலை முன் உட்கார்ந்து உருகி வேண்டினார். ஒரு தேவன் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போய், வெகு தூரத்தில் மலை மேல் இருந்த மடத்தில் விட்டுவிட்டான். அங்கிருந்த பிட்சுக்கள் திருடன் என்று முதலில் சந்தேகப்பட்டார்களாம்! அழைத்துப் போக அரசன் ஆள் அனுப்புவதற்குள் அவர் துறவியாகிவிட்டார்.

காஞ்சியிலிருந்து கப்பல் ஏறினால் மூன்று நாளில் இலங்கை. ஆனால் அதே சமயத்தில் அங்கிருந்து முந்நூறு பிட்சுக்கள் இக்கரை வந்து சேர்ந்தார்கள். இலங்கையில் அரசன் இறந்துவிட்டான், பஞ்சம், ஒரே குழப்பம் என்றார்கள். யுவான் சுவாங் அவர்களிடமே தம் சந்தேகங்களைக் கேட்டார். சீலபத்திரர் சொன்னதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

பாலைவனத்துக்கும் பனிமலைக்கும் அஞ்சாதவர், காஞ்சியோடு திரும்பினார். காவிரிக் கரைக்கும் அவர் வரவில்லை. ஆனால் தெற்கே பாண்டிய நாட்டைப் பற்றிக் காதால் கேட்டதை எழுதினார். மலய மலைக்குக் கிழக்கே போதலகம் என்ற மலை. அதில் அவலோகிதர் வாசம் செய்கிறார். அடிவாரத்து மக்கள் உருகி வேண்டினால் சில சமயம் ஈசுவரனாகவும், சில சமயம் திருநீறு பூசிய பாசுபதத் துறவியாகவும் காட்சி தந்து ஆறுதல் சொல்வார் என்று எழுதினார். அது நம் பொதிகை மலைதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

இந்த அவலோகிதர்தான் சீனாவில் பெண் உருவமாகி, குவான் யின் தேவி ஆனார். சிங்கப்பூர்ச் சீனக் கோவில்களில் வெள்ளை உடையில், கையில் குடத்துடன் நிற்கும் அம்மன் அவரே. சீனாவில் அவருக்கு உரிய தீவின் பெயர் புத்துவோ. போதலகம் என்ற பெயரின் திரிபு அது. குரங்குக் கதையிலும் துறவிக்குக் கஷ்டம் வந்தால் ஓடி வருகிறவர் இந்த அம்மன்தான்.

குற்றவாளி திரும்பினார்

மேற்குக் கரை வழியாக வடக்கே போனார். கன்னோசியில் ஹர்ஷ சக்கரவர்த்தி பெரிய சபை கூட்டி அவரைக் கௌரவித்தார். 643-ல் ஊருக்குப் புறப்பட்டார். சிந்து நதியில் படகு ஆடியதில் ஐம்பது சுவடிகள் ஆற்றோடு போயின. நின்று மறுபடி பிரதி எடுக்க ஏற்பாடு செய்துவிட்டே நகர்ந்தார்.

துர்பான் அரசருக்குக் கொடுத்த வாக்கு நினைவிருக்கிறதல்லவா? அந்த அரசர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. சீனப் படை அந்த நாட்டைப் பிடித்துவிட்டது. வேறு வழியாகக் கோட்டான் நாடு வந்து சேர்ந்தார்.

இப்போதுதான் பெரிய கவலை. அவர் சட்டப்படி குற்றவாளி. அனுமதியில்லாமல் நாட்டை விட்டு ஓடியவர். சக்கரவர்த்திக்கு உள்ளதைச் சொல்லிக் கடிதம் எழுதினார். பதில் வரப் பல மாதம் ஆயிற்று. காத்திருந்த நேரத்தில் ஊராருக்குப் பாடம் சொன்னார்.

பதில் வந்தது. உடனே வரும்படி அழைப்பு!

645-ம் ஆண்டு தலைநகரம் திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. இருபது குதிரைச் சுமை. 657 நூல்கள். தங்கம், வெள்ளி, சந்தனத்தில் ஏழு புத்தர் சிலைகள். சக்கரவர்த்தி மந்திரி பதவி கொடுக்க முன்வந்தார். அவர் வேண்டாம் என்றார். மொழிபெயர்க்க இடமும் ஆளும் கேட்டார். சக்கரவர்த்தி விருப்பப்படி 646-ல் பயணக் குறிப்பை முடித்துக் கொடுத்தார். 138 நாடுகளைப் பற்றிய செய்தி அதில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் கன்னிங்காம் என்ற ஆங்கிலேயர் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டுதான், மண்மூடிக் கிடந்த நாலந்தாவை அடையாளம் கண்டார்.

சுவடிகளையும் சிலைகளையும் தீயிலிருந்து காக்க 652-ல் ஒரு கோபுரம் எழுப்பினார். அஸ்திவாரத்துக்குத் தாமே கூடையில் கல்லும் மண்ணும் சுமந்தார் என்பார்கள். இன்று சியான் எனப்படும் அந்நகரில் காட்டு வாத்துக் கோபுரம் என்ற பெயரோடு அது நிற்கிறது. எதிரே கையில் தடியுடன் அவருடைய வெண்கலச் சிலை. இந்தச் சிலையில் குரங்கு இல்லை, பன்றி இல்லை. குதிரையும் இல்லை.

பத்தொன்பது வருஷம் மொழிபெயர்ப்பே வேலை. எழுபத்தைந்து நூல்களை முடித்தார். 664-ல் காலமானார். அவருடைய எலும்பு ஒன்றைச் சீனா 1957-ல் இந்தியாவுக்குக் கொடுத்தது. அதற்காக நாலந்தாவில் நினைவு மண்டபம் கட்டினார்கள். காஞ்சிக்காரரின் சீடரிடம் அவர் பாடம் கேட்ட இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அந்த மண்டபம் இருக்கிறது.